0.45 பெரியதா, 0.5 பெரியதா? தசம எண்ணில் இடமதிப்பு பார்க்கும் முறை

தலைப்பில் உள்ள கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "45 தானே 5ஐ விடப் பெரியது, அதனால் 0.45" என்று பலரும் சொல்வார்கள். கணக்கு வராத பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். முழு எண்ணில் சரியாக வந்த வழியைப் புள்ளிக்கு அந்தப் பக்கமும் கொண்டுபோகிறார்கள், அவ்வளவுதான். இடமதிப்பைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷாவின் நேரம் 55.42 வினாடி. அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒன்றுகள் இடத்தைப் பிடியுங்கள்

புள்ளியை ஒட்டி இடப்பக்கம் இருப்பது ஒன்றுகள். அங்கிருந்து இடப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகும்; வலப்பக்கம் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்காகும். நூறு, பத்து, ஒன்று என்று இறங்கி வந்தது போலவே இன்னும் இறங்கினால் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. ஒன்றுகள் எங்கே முடிகிறது என்று காட்டுவதுதான் புள்ளியின் வேலை.

"இடப்பக்கம் ஒன்றுகள் இருக்கிறதே, வலப்பக்கம் ஏன் நேராகப் பத்தில் ஒன்று வருகிறது?" என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். அருமையான கேள்வி. அட்டவணையின் நடு இடம் ஒன்றுகள்தான், புள்ளி அல்ல. ஒன்றுகளுக்கு இந்தப் பக்கம் பத்துகள், அந்தப் பக்கம் பத்தில் ஒன்று. அடுத்து இந்தப் பக்கம் நூறுகள், அந்தப் பக்கம் நூறில் ஒன்று. ஒன்றுகளை நடுவில் வைத்துப் படம் வரைந்து காட்டினால் சட்டென்று புரியும்.

படி 2: ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இடத்தில் எழுதுங்கள்

பத்துகள் 5 | ஒன்றுகள் 5 | பத்தில் ஒன்று 4 | நூறில் ஒன்று 2

அதாவது 50 + 5 + 4/10 + 2/100. முதல் 5க்கு மதிப்பு ஐம்பது, அடுத்த 5க்கு வெறும் ஐந்து.

படி 3: வாய்விட்டுப் படியுங்கள்

"ஐம்பத்தைந்து புள்ளி நான்கு இரண்டு". புள்ளிக்குப் பிறகு வருவதைத் தனித்தனி இலக்கமாகவே சொல்லுங்கள். "புள்ளி நாற்பத்தைந்து" என்று படிப்பதால்தான் 0.45 பெரிய எண் போலக் காதில் விழுகிறது.

படி 4: இடமிருந்து வலமாக ஒப்பிடுங்கள்

அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கோஜோகாருவுக்கு 55.41 வினாடி. பத்துகள் சமம், ஒன்றுகள் சமம், பத்தில் ஒன்றும் சமம். நூறில் ஒன்றில்தான் 2க்கும் 1க்கும் வித்தியாசம். அந்த ஓர் இடத்தில் வெண்கலம் கைநழுவியது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் 100 மீட்டரில் நூறில் ஒன்றும் போதவில்லை. நோவா லைல்ஸ், கிஷேன் தாம்ப்சன் இருவருக்கும் 9.79. ஆயிரத்தில் ஒன்று வரை போய்ப் பார்த்தார்கள்: 9.784, 9.789. தங்கம் லைல்ஸுக்கு. (9.784 எப்படி 9.79 ஆனது என்று யோசிப்பீர்கள். தடகள விதிப்படி நேரத்தை மேல்நோக்கியே முழுமையாக்குவார்கள்.)

சரி, இப்போது 0.45, 0.5. பத்தில் ஒன்றின் இடத்தில் 4, 5. அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது: 0.5 பெரியது. அதற்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் பார்க்க வேண்டியதில்லை.

படி 5: பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நகைக்கடைத் தராசு 4.050 கிராம் என்று காட்டுகிறது. கடைசி பூஜ்யத்தை விட்டு 4.05 என்று எழுதலாம், எடை மாறாது. நடுவில் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டால் 4.5 கிராம், அதாவது 450 மில்லிகிராம் கூடுதல்! தங்கம் விற்கிற விலைக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. கிரிக்கெட்டில் 18.4 ஓவர் என்று போடுவது தசம எண் அல்ல. 18 ஓவரும் 4 பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் 18.5க்கு அடுத்து 19 வந்துவிடும். ரன் ரேட் கணக்கிடும்போது 18.4ஆல் வகுத்தால் விடை தப்பு. 18 4/6ஆல் வகுக்க வேண்டும்.

பயிற்சிக்கு: 0.65, 0.078, 0.7, 0.605 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுங்கள்.

விடை: 0.078, 0.605, 0.65, 0.7. நடுவில் உள்ள இரண்டும் இடம் மாறியிருந்தால் நூறில் ஒன்றின் இடத்தை மறுபடி பாருங்கள். அங்கே ஒன்றில் 0, மற்றதில் 5.