ஏசி ரிமோட்டின் மங்கலான திரைக்கு ஒளியூட்டும் முறை

ஏசி ரிமோட்டுகளில் பெரும்பாலானவற்றின் திரைக்குத் தனக்கென ஒளி கிடையாது. அறையிலுள்ள வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே போய், பின்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளி நிறத் தாளில் பட்டுத் திரும்பி வரும்போது, இடையில் கறுத்து நிற்கும் கோடுகளே நமக்கு எண்களாகத் தெரிகின்றன. அதனால்தான் பகலில் பளிச்சென்று இருக்கும் அதே திரை, விளக்கை அணைத்த படுக்கையறையில் எதையும் காட்டுவதில்லை. இரண்டு சிறு செல்களில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவி என்பதால், மின்சாரத்தை ஏறக்குறையச் செலவழிக்காத இந்த வகைத் திரையை உற்பத்தியாளர்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. நாம் செய்யப்போகும் மாற்றமும் அந்த நியாயத்தைக் கெடுக்கக் கூடாது.

ஒரு சிறு பொத்தானை அழுத்தினால் ஐந்து விநாடி எரிந்து தானாகவே அணையும் விளக்கு ஒன்றை ரிமோட்டுக்குள் பொருத்துவதே இங்கு விளக்கப்படும் வேலை. சால்டரிங் பழக்கம் உள்ளவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். உத்தரவாதக் காலம் முடியாத ரிமோட்டை விட்டுவிடுங்கள். முதல்முறையாகச் செய்பவர், கடைகளில் கிடைக்கும் மலிவான மாற்று ரிமோட் ஒன்றை வாங்கி அதில் கைப்பழக்கம் செய்துகொள்வது நல்லது.

திறப்பதற்கு முன்

ரிமோட்டைப் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அங்கும் எண்கள் வெளிறித் தெரிந்தால், குறை வெளிச்சத்தில் இல்லை. விளக்கு பொருத்தினாலும் அது தீராது. இத்தகைய ரிமோட்டுகள் பலவற்றில் திரையின் கருமை பேட்டரி மின்னழுத்தத்தையே சார்ந்திருக்கிறது. புதிய அல்கலைன் செல்கள் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2.4 வோல்ட்தான் தரும். ரிமோட் வேலை செய்துகொண்டே இருக்க, எண்கள் மட்டும் சாம்பல் நிறத்துக்கு மங்குவதற்கு இது அடிக்கடி காணப்படும் காரணம். ஆகவே முதலில் புதிய அல்கலைன் செல்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். செல் தொடும் ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், சிறிது வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

திரையை நேராகப் பார்க்கும்போது மங்கலாகவும் சற்றுச் சாய்த்தால் தெளிவாகவும் தெரிவது இவ்வகை எல்சிடியின் இயல்பு. அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டியதில்லை. முன்புறப் பிளாஸ்டிக் ஜன்னல் கீறல் விழுந்து புகைபடிந்தது போல் இருந்தால், பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கும் பாலிஷில் ஒரு துளியை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தாலே கணிசமான தெளிவு கிடைக்கும். வெறும் கீறலுக்காக யாரும் ரிமோட்டைப் பிரிக்க வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இருட்டில் மட்டும் தெரியவில்லை என்றால், திறக்கலாம்.

உள்ளே இருப்பவை

செல்களை வெளியே எடுத்துவிட்டு, செல் அறைக்குள்ளும் பின்பக்கம் ஒட்டியுள்ள தாளுக்கு அடியிலும் திருகுகள் உள்ளனவா என்று தேடுங்கள். அவற்றைக் கழற்றிய பிறகும் இரு பாதிகளும் பிளாஸ்டிக் கொக்கிகளால் கவ்விக்கொண்டிருக்கும். காலாவதியான ஏடிஎம் அட்டையை விளிம்பு இடுக்கில் செருகி மெதுவாக நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கொக்கி உடையும், விளிம்பும் பல்லிளிக்கும்.

சர்க்யூட் போர்டைத் தூக்கினால், திரைக் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு ஓடும் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் இதை ஜீப்ரா ரப்பர் என்பார்கள். மின்சாரத்தைக் கடத்தும் இழைகளும் கடத்தாத இழைகளும் மாறி மாறி அடுக்கப்பட்ட இந்தப் பட்டைதான் போர்டின் கோடுகளைக் கண்ணாடியின் விளிம்போடு இணைக்கிறது. அதில் சால்டர் எதுவும் இல்லை, அழுத்தம் மட்டுமே. எண்களில் சில கோடுகள் விடுபட்டுத் தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். பட்டையின் இரு விளிம்புகளையும், அது அமரும் கண்ணாடி ஓரத்தையும், போர்டின் தடங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் துடையுங்கள். போர்டில் கறுப்பாகத் தெரியும் தடங்கள் கார்பன் பூச்சு. அவற்றைச் சுரண்டவே கூடாது. பட்டை எந்தப் பக்கமாக இருந்தது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில ரிமோட்டுகளில் ரப்பருக்குப் பதிலாகக் காகிதம் போன்ற மெல்லிய பட்டை கண்ணாடியில் சூட்டால் ஒட்டப்பட்டிருக்கும். அதை இழுத்தால் பிய்ந்துவிடும், மீண்டும் ஒட்டுவதும் எளிதல்ல. அப்படிப்பட்ட ரிமோட்டில் கண்ணாடியை அசைக்காமல் பக்கவொளி மட்டும் பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பக்கவொளியா, பின்னொளியா

ஒளியூட்ட இரண்டு வழிகள் உள்ளன. பிளாஸ்டிக் ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இடுக்கில், கண்ணாடியின் இரு ஓரங்களிலும் எல்இடி வைத்து மேற்பரப்பின் மீது ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுவது ஒன்று. வெள்ளித் தாளை உரித்துவிட்டுப் பின்னாலிருந்து ஒளி தருவது மற்றொன்று. பின்னொளியின் பலன் சீராக இருக்கும், கடையில் வாங்கிய பொருள் போன்ற தோற்றமும் வரும். ஆனால் ஒரு மில்லிமீட்டரளவே தடிப்புள்ள கண்ணாடியிலிருந்து தாளை உரிக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டால், ரிமோட்டுக்கே வேலை முடிந்தது. பக்கவொளியில் எண்களின் நிழல் சற்று விலகி விழுந்து இரட்டையாகத் தெரியும். இருந்தும் இரவில் 24 என்பதையும் 26 என்பதையும் பிரித்தறிய அது தாராளமாகப் போதும். என் பரிந்துரை பக்கவொளிதான்.

எல்இடியின் நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், செல்கள் 2.6 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது மிகவும் மங்கிவிடும். அம்பர் என்று கேட்டால் கடையில் தரும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் எல்இடிக்கு 2 வோல்ட் அளவே போதும் என்பதால், செல்கள் தளரும் வரை அது உழைக்கும். தூக்கத்தில் விழித்த கண்ணை அது கூசவைப்பதும் குறைவு. சென்னை ரிச்சி தெருவில் 1206 அளவு எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும் சிறு வகை) அம்பர் எல்இடி என்று கேட்டு வாங்கலாம்.

மின்சுற்று

இரண்டு எல்இடிகளையும் நேரடியாக ஒரு சுவிட்சில் இணைத்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். ஒவ்வொரு எல்இடிக்கும் தனியாக 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால், 3 வோல்ட்டில் ஒன்றுக்கு 2.3 மில்லி ஆம்பியர் வீதம், இரண்டுக்கும் சேர்த்து 4.6 மில்லி ஆம்பியர் ஓடும். சுமார் 1,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறு செல்களை, அணைக்க மறந்த ஒரு சுவிட்ச் ஒன்பது நாட்களில் தீர்த்துவிடும். அதே விளக்கு ஐந்து விநாடி மட்டும் எரிந்து, நாளொன்றுக்குப் பத்து முறை அழுத்தப்பட்டாலும், ஓர் ஆண்டுச் செலவு 25 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டாது. தானே அணையும் ஏற்பாடு ஆடம்பரமல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ரிமோட்டின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விளக்கு எரியும்படி அமைக்கவும் வழி உண்டு. அதைத் தவிர்ப்பதே நல்லது. ஏசி ரிமோட்டில் எந்தப் பொத்தானும் ஏதோ ஒன்றை மாற்றிவிடும். வெப்பநிலை எவ்வளவு என்று பார்ப்பதற்காகவே அதை ஒரு டிகிரி மாற்ற வேண்டியிருப்பது விசித்திரமான வசதி. விளக்குக்குத் தனிப் பொத்தான் வேண்டும்.

தேவையான பொருட்கள் இவ்வளவுதான்: ஏஓ3400 என்ற மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தால் இயங்கும் மின்னணு சுவிட்ச்) ஒன்று, 4.7 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, 1 மெகா ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று, 470 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு, மிகச் சிறிய புஷ் பட்டன் ஒன்று, எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி சிறிது. பழைய திட்டங்களில் அடிக்கடி வரும் 2என்7000 மாஸ்ஃபெட்டை இதில் போடாதீர்கள். அது விழித்துக்கொள்ளவே சில வேளைகளில் 3 வோல்ட் கேட்கும், ஏஓ3400-க்கு 1.45 வோல்ட்டுக்குள் போதும்.

மாஸ்ஃபெட்டின் எழுத்து மேலே தெரியும்படியும், தனியாக நிற்கும் கால் மேல்பக்கம் இருக்கும்படியும் பிடித்தால், கீழே இடதுபுறம் கேட், வலதுபுறம் சோர்ஸ், மேலே டிரெயின். சோர்ஸைப் பேட்டரியின் நெகட்டிவ் ஸ்பிரிங்கோடு இணையுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து இரண்டு 470 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஒவ்வொரு எல்இடியின் பாசிட்டிவ் காலுக்கும் கம்பி போகட்டும். இரு எல்இடிகளின் நெகட்டிவ் கால்களும் டிரெயினில் சேரட்டும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே கெப்பாசிட்டரும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் இணையாக அமர வேண்டும். புஷ் பட்டனின் ஒரு கால் பாசிட்டிவுக்கும், மறு கால் 1 கிலோ ஓம் வழியாகக் கேட்டுக்கும் போக வேண்டும்.

பட்டனைத் தொட்டவுடன் கெப்பாசிட்டர் நிரம்பி மாஸ்ஃபெட் திறக்கிறது. விரலை எடுத்ததும் சேமித்த மின்னூட்டம் 1 மெகா ஓம் வழியே மெல்ல வடிந்து, ஏறத்தாழ ஐந்து விநாடியில் விளக்கு தணிந்து அணைகிறது. இன்னும் நீண்ட நேரம் வேண்டுமானால் 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் பத்து விநாடி கிடைக்கும். இவற்றையெல்லாம் ரிமோட்டின் போர்டில் சால்டர் செய்ய முயல வேண்டாம். விரல் நகமளவு பொதுப்பயன் போர்டுத் துண்டு ஒன்றில் கட்டி, வெளியே மேசைமேல் எரிகிறதா என்று சோதித்த பிறகே உள்ளே வையுங்கள். மின்சாரத்தை எடுக்கும் இடம் ஸ்பிரிங்குகளாகவே இருக்கட்டும். ஸ்பிரிங் சூட்டை உறிஞ்சும் என்பதால் சற்றுப் பெரிய முனையுள்ள சால்டரிங் அயர்ன் உதவும், ஆனால் பிளாஸ்டிக் உருகும் அளவுக்கு அழுத்திப் பிடிக்காதீர்கள்.

பொருத்துதல்

எல்இடிகளைக் கண்ணாடியின் குறுகலான இரு ஓரங்களில், ஒன்றையொன்று பார்த்தபடி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். நேரடியாகக் கண்ணில் ஒளி படாதபடி மேலே சிறு கறுப்பு டேப்பும், ஒளி ஒரே இடத்தில் குவியாதபடி முகப்பில் மங்கலான செலோ டேப்பும் ஒட்டினால் பலன் வெகுவாக மேம்படும். நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன், இருட்டறையில் பட்டனை அழுத்தியபடியே சாய்வை மாற்றி மாற்றிப் பாருங்கள். சில டிகிரி வித்தியாசத்தில் திரையின் நடுப்பகுதி இருண்டு போவதும் நிறைவதும் உங்களுக்கே விளங்கும். இந்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். ஒட்டுவதற்கு விரைவில் இறுகும் எபாக்சி பொருத்தம். சூப்பர் குளூவின் ஆவி ஜன்னலில் வெண்மையாகப் படிந்துவிடும்.

பட்டனுக்கான துளையை, பிடிக்கும்போது கட்டைவிரலோ ஆட்காட்டி விரலோ இயல்பாகப் படும் பக்கவாட்டில் இடுங்கள். மேசையில் வைத்தால் தானாக அழுந்தாதபடி அது வெளிப்பரப்புக்குச் சற்று உள்ளடங்கி இருப்பது நல்லது.

பின்னொளியையே விரும்புவோருக்கு

கண்ணாடியைத் தனியே எடுத்து டார்ச்சுக்கு எதிரே பிடியுங்கள். பின்புறத் தாள் வழியாக ஒளி ஊடுருவினால் அதிர்ஷ்டம். எதையும் உரிக்காமலே பின்னால் விளக்கு வைக்கலாம். ஊடுருவாவிட்டால் வெள்ளித் தாளின் ஒரு மூலையை பிளேடால் தூக்கி, மிகத் தாழ்ந்த கோணத்தில், அங்குலம் அங்குலமாக உரிக்க வேண்டும். தங்கும் பசையை ஆல்கஹாலால் துடைக்கலாம். அசிட்டோன் முன்புறத் தாளையும் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் ஓரப்பசையையும் கெடுக்கும். உரிக்கும்போது எங்கோ சில கோடுகள் தோன்றி மறைந்தால் அது நிலைமின்சாரம், பயம் வேண்டாம்.

அந்த வெள்ளித் தாளோடு போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் மென்தாள்) சேர்ந்தே போய்விடுவதால், புதிய போலரைசர் ஃபிலிம் இல்லாமல் எண்களே தெரியாது. மின்சாரம் கொடுக்காத நிலையில் ஃபிலிமைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். திரை மிகவும் வெளிச்சமாகத் தெரியும் கோணமே சரியானது, பெரும்பாலும் அது விளிம்புக்கு 45 டிகிரி சாய்வாக இருக்கும். அந்தக் கோணத்திலேயே ஃபிலிமை வெட்டிக்கொள்ளுங்கள். 90 டிகிரி திருப்பிவிட்டால் கறுப்புப் பின்னணியில் எண்கள் ஒளிரும். பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும் பகலில் படிக்க முடியாது. ஜீப்ரா ரப்பரின் உயரம் அளவுக்குக் கண்ணாடியின் கீழே இடம் இருக்கும். அதில் அமரக்கூடிய 2 மி.மீ. அக்ரிலிக் துண்டின் அடிப்பக்கத்தை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, கீழே வெள்ளைத் தாள் வைத்து, ஓரத்தில் எல்இடிகளைப் பொருத்துங்கள். பழுதான பட்டன் போனின் திரைக்குப் பின்னாலிருக்கும் ஒளித்தகடு அளவில் பொருந்தினால் இன்னும் சிறப்பு. பகலில் திரை முன்பைவிடச் சிறிது மந்தமாக இருக்கும். பின்னொளிக்குக் கொடுக்கும் விலை அது.

மூடுவதற்கு முன்

செல்களைப் போட்டு, எல்லாக் கோடுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே ரிமோட்டை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினால், முனையிலுள்ள அகச்சிவப்பு எல்இடி ஊதா நிறத்தில் துடிப்பது தெரிய வேண்டும். கடைசியாக, மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்து, பாசிட்டிவ் முனையிலிருந்து நம் துண்டுப் போர்டுக்குப் போகும் கம்பியில் தொடராக இணைத்து, விளக்கு அணைந்த பின் எவ்வளவு ஓடுகிறது என்று அளவிடுங்கள். அது சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். விளக்கு முற்றிலும் அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், பட்டனின் கால்களுக்கு இடையே சால்டர் பசை படிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கேட்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். பழைய டூத்பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி அளந்து பார்த்த பிறகே திருகுகளை முடுக்குங்கள்.