ஒற்றைச் சிலிண்டருக்கு விங் தேர்ந்தெடுத்தல்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வாடகைக்குக் கிடைக்கும் சட்டை வடிவப் பிசிடியை (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையை) அணிந்து புதுச்சேரிக் கடலிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ சில பத்து முறை முக்குளித்துவிட்டு, இனிச் சொந்தமாக ஒரு பேக்பிளேட்டும் விங்கும் வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதுகுத் தகடு, தோள்பட்டை வார், காற்றுப்பை ஆகிய மூன்றும் தனித்தனியாக இருப்பதே இந்த அமைப்பின் அடிப்படை. தகட்டையும் வாரையும் தேர்ந்தெடுப்பதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை; பணம் வீணாவது பெரும்பாலும் விங் எனப்படும் காற்றுப்பையில்தான்.

இந்த அமைப்பு வட ஃபுளோரிடாவின் நன்னீர்க் குகைகளில் முக்குளித்தவர்களிடையே வளர்ந்தது. தையல் இல்லாத ஒரே நீள வாருக்கு ஹோகார்த்தியன் என்று வழங்கும் பெயரே அவர்களுள் ஒருவரான வில்லியம் ஹோகார்த் மெயினிடமிருந்து வந்ததுதான். குகைக்குள் செல்பவர்கள் இரட்டைச் சிலிண்டர் சுமப்பவர்கள் என்பதால், அவர்களுக்குப் பெரிய விங் தேவைப்பட்டது. நம் கடலில் ஒற்றை அலுமினியச் சிலிண்டருடன் 18 மீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்புகிறவருக்கு அந்த அளவு பொருந்தாது. ஆயினும், ‘பின்னாளில் உதவும்’ என்று பெரியதையே வாங்கிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

விங்கின் மீது 18, 30, 40 என்று அச்சிட்டிருக்கும் எண், அது முழுமையாக நிரம்பும்போது எத்தனை பவுண்டு எடையைத் தூக்கும் என்பதைக் குறிக்கிறது. கிலோவில் இவை முறையே ஏறத்தாழ 8, 13.6, 18 ஆகும். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவைவிடச் சற்றே அதிகம் என்பதால், 13.6 கிலோ விங் என்றால் 13 லிட்டருக்குச் சற்று மேல் காற்றுப் பிடிக்கும் பை என்று புரிந்துகொண்டால் போதும். உங்களுக்கு எத்தனை கிலோ தேவை என்பதை இரண்டு தனித்தனிக் கணக்குகளால் கண்டறிந்து, இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கணக்கு நீருக்கடியில் நிகழும் இழப்பைப் பற்றியது. உடலின் சூட்டைக் காக்கும் உடையான வெட்சூட்டின் நியோப்ரீன் (நுரை ரப்பர்) துணிக்குள் இருக்கும் நுண்குமிழ்கள் மேற்பரப்பில் உங்களை மிதக்கச் செய்கின்றன. ஆழம் கூடக் கூட அழுத்தம் அவற்றை நசுக்குவதால் அந்த மிதப்பு மறைகிறது. 10 மீட்டரிலேயே அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகிவிடும். உங்கள் வெட்சூட்டுக்கு எவ்வளவு மிதப்பு உண்டு என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்தில் அதை நன்றாகப் பிசைந்து, சிக்கிய காற்றை வெளியேற்றி, அது மூழ்கும் வரை ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் வெட்சூட்டுக்குச் சுமார் 2 முதல் 3 கிலோ வரை தேவைப்படும். ஆழத்தில் அது முழுவதும் போய்விடும் என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பான பக்கம் நிற்பதாகும். இதனுடன் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் எடையைக் கூட்ட வேண்டும். காற்றுக்கு எடையா என்று தோன்றலாம், 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள வழக்கமான அலுமினியச் சிலிண்டரை 207 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால், உள்ளே சுமார் 2.6 கிலோ காற்று இருக்கும். அது குறைந்த பிறகும் மேலே பறக்காமல் இருக்கும்படி எடை கட்டுகிறோம் என்பதால், தொடக்கத்தில் அந்த அளவுக்குக் கனமாகவே இறங்குகிறோம். வெட்சூட்டுக்கு 2.5, காற்றுக்கு 2.6, ஆக மொத்தம் 5 கிலோவைச் சற்றுத் தாண்டுகிறது.

இரண்டாவது கணக்கு படகருகே தேவைப்படுவது. நீங்கள் கருவியைக் கழற்றிவிட்டாலும், அது தனியாக மிதக்க வேண்டும். நிரம்பிய அலுமினியச் சிலிண்டர் நீரில் சுமார் அரை முதல் ஒரு கிலோ வரை கனக்கும். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரும் குழாய்களும் ஒரு கிலோவை ஒட்டி. துருப்பிடிக்காத எஃகுத் தகடு நீரில் ஏறத்தாழ 2.3 கிலோ, சிலிண்டர் பட்டையில் கோத்த ஈயம் 2 கிலோ என்று வைத்தால், கூட்டுத்தொகை 6 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். எனவே, வெதுவெதுப்பான கடலில் இந்தக் கருவிகளுடன் முக்குளிப்பவருக்கு 8 கிலோ விங்கே கணக்குப்படி போதும். அலையில் தலையை நன்றாக உயர்த்தி நிற்க விரும்புபவர் 11 அல்லது 12 கிலோ வரை செல்லலாம். அதற்கு மேல் வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

குளிர்நீரில் இதே கணக்கு வேறு விடை தரும். 7 மில்லிமீட்டர் வெட்சூட்டின் மிதப்பு 9 கிலோவை எட்டுவது அரிதல்ல. 12 லிட்டர் எஃகுச் சிலிண்டரை 232 பாருக்கு நிரப்பினால் காற்று மட்டும் 3 கிலோவைத் தாண்டும். அங்கே 16 கிலோ விங் நியாயமானது. ஆகவே, ஐரோப்பியக் குளிர்நீர் ஏரிகளில் பழகியவர் சொல்லும் அளவை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் சொல்வது தவறு என்பதல்ல, அவர் வேறு உடையில் வேறு நீரில் இறங்குகிறவர்.

பெரிய விங்கில் காற்றைக் குறைவாக நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நிரப்பலாம், ஆனால் பையின் துணி அங்கேயேதான் இருக்கும். ஒரு முறை இரட்டைச் சிலிண்டருக்கான அகன்ற விங்கை இரவல் வாங்கிச் சென்றேன். அதன் இரு சிறகுகளும் என் ஒற்றைச் சிலிண்டரைத் தோசைபோல் மடித்துச் சுற்றிக்கொண்டன. மடிப்புக்குள் சிக்கிய காற்று வெளியேற்றும் வால்வுக்கு வரவே இல்லை. மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து என்னை இழுத்த இழுப்பில், மேற்பரப்புக்கு வரும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடங்களும் போராட்டமாகவே கழிந்தன. விங்குக்குக் காற்றேற்றும் இன்ஃப்ளேட்டரின் பொத்தான் சிக்கிக்கொண்டு காற்று தானாகப் புகத் தொடங்கினாலும், பெரிய பையே உங்களை வேகமாக மேலே தள்ளும். எனவே எண்ணை மட்டும் பார்க்காமல், காற்று நிரம்பிய நிலையில் விங் எவ்வளவு அகலம் என்பதையும் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டருக்கென்றே வெட்டிய விங் குறுகலாக இருக்கும். சிலிண்டரின் இருபுறமும் ஒட்டி எழும்பும்.

வடிவத்தில் வட்ட வளையம், லாடம் என்று இரு வகை உண்டு. வளைய வடிவத்தில் காற்று கீழ்ப்பகுதி வழியாகவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும். இடப்புறம் கீழே உள்ள வால்வின் கயிற்றை இழுத்தால் வலப்பக்கக் காற்றும் அந்த வழியே வந்து சேரும். லாட வடிவத்தில் அடிப்பகுதி அடைபட்டிருப்பதால், ஒரு பக்கம் தேங்கிய காற்றை வெளியேற்ற உடலைச் சற்றே உருட்ட வேண்டியிருக்கும். பழகியவருக்கு அது பொருட்டல்ல. புதிதாக வாங்குபவருக்கு நான் வளையத்தையே சொல்வேன்.

சிலிண்டர் பட்டைகள் எங்கே கோக்கப்படுகின்றன என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். சில விங்குகளில் பட்டைக்கான துளைகளும், சிலிண்டர் உருளாமல் தடுக்கும் இரு தடித்த வரம்புகளும் பையிலேயே அமைந்திருக்கும். அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டியதில்லை, சிலிண்டரும் முதுகோடு நெருங்கி அமரும். மற்றவற்றுக்குத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே உலோக அடாப்டர் ஒன்று தேவை. அதன் விலையையும் எடையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். விமானத்தில் 15 கிலோ சுமையுடன் அந்தமான் செல்பவர், எஃகுத் தகட்டுக்குப் பதில் ஒரு கிலோ அளவுள்ள அலுமினியத் தகட்டை எடுத்துக்கொண்டு, குறையும் எடையை அங்கே கிடைக்கும் ஈயத்தால் ஈடுகட்டலாம்.

துணியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தடித்த நைலான் உறைக்குள் தனி உள்பை இருக்கும் வகையில், உள்பை கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒற்றை அடுக்கு வகை இலகுவானது, விரைவில் காயும்.

இன்ஃப்ளேட்டர் குழாய் வாய்க்கும் மூக்குக்கும் எட்டும் நீளமே போதும். அதற்கு மேல் நீண்டால் தொங்கிப் பவளப்பாறையில் உரசும். இனி, எந்த விங்காலும் தீராத ஒன்று உண்டு. விங் கிழிந்து காற்று முழுதும் போனாலும், காற்று நிரம்பிய சிலிண்டருடன் அடியிலிருந்து துடுப்புக் காலால் நீந்தி மேலேற உங்களால் முடிய வேண்டும். அதனால் ஈயம் முழுவதையும் கருவியிலேயே பூட்டிவிடாமல், ஒரு பகுதியைக் கழற்றி எறியக்கூடிய இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். கனமான எஃகுச் சிலிண்டரும் எஃகுத் தகடும் தடித்த வெட்சூட்டும் ஒன்றுசேரும்போது இந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. அங்கே மாற்ற வேண்டியது தகட்டையோ சிலிண்டரையோதான்.

பணம் கொடுக்கும் முன், விங்கை வாயாலேயே ஊதி இறுக நிரப்பி, மிகை அழுத்த வால்வு தானாகத் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு அதை நீர்த்தொட்டியில் அமுக்கி, வால்வுகளின் விளிம்பிலும் ஒட்டுகளிலும் குமிழ் வருகிறதா என்று கவனியுங்கள். பழைய விங் என்றால், நிரப்பிய நிலையில் ஓர் இரவு வைத்துக் காலையில் அமுக்கிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். தயங்கினால், வேறொன்றைத் தேடலாம்.