கார்பன் தகடு ஷூ உங்கள் காலுக்கு ஒத்துவருமா?

முதலில் உங்கள் வேகத்தைக் கணக்குப் போடுங்கள். அடிப்பாக ஃபோமுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூக்களில் பெயர் பெற்றது நைக்கி வேப்பர்ஃபிளை. அது 2017-ல் வந்தபோது பேசப்பட்ட '4 சதவீத ஆற்றல் மிச்சம்', 18 தேர்ந்த ஓட்டக்காரர்களை மணிக்கு 14, 16, 18 கி.மீ. வேகத்தில் ஓடவைத்து எடுத்த சராசரி. மணிக்கு 14 கி.மீ. என்றால் முழு மாரத்தானை ஏறக்குறைய 3 மணி நேரத்தில் முடிக்கும் வேகம். அதே வகை ஷூவைப் பின்னர் மெதுவான வேகங்களில் சோதித்தபோது, மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சுமார் 1.4 சதவீதமும் 10 கி.மீ. வேகத்தில் சுமார் 0.9 சதவீதமும்தான் ஆற்றல் மிஞ்சியது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிதாக இருந்தது.

அரை மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் ஓடுகிறீர்களா? உங்கள் வேகம் மணிக்கு 9.4 கி.மீ. இந்த ஷூ உங்களுக்கு மிச்சப்படுத்துவது ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் நிமிடம். வாரத்தில் இன்னொரு நாள் நிதானமாக 6 கி.மீ. ஓடிப் பழகினால் அதைவிட அதிகமாகவே நேரம் குறையலாம். கிலோமீட்டரை 5 நிமிடத்துக்குள் ஓடுபவர்கள், வாரம் 40 கி.மீ.க்குக் குறையாமல் சில மாதங்கள் தொடர்ந்து ஓடியிருந்தால், மேற்கொண்டு யோசிக்கலாம்.

தகடுதான் ஸ்பிரிங் மாதிரி தள்ளிவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். வேப்பர்ஃபிளையின் தகட்டைக் குறுக்கே அறுத்துவிட்டுச் சோதித்தபோதும் ஆற்றல் செலவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வேலையில் பெரும்பங்கு, எடை குறைந்த, அமுங்கி உடனே மீளும் பீபா (PEBA) என்ற பிளாஸ்டிக் வகை ஃபோமுடையது. இது வாங்கும்போது உதவும். நல்ல ஃபோம் வேண்டும், விறைப்பு வேண்டாம் என்பவர்களுக்கு நைலான் தகடு போட்ட சாக்கனி என்டார்ஃபின் ஸ்பீட், தகடே இல்லாத ஏசிக்ஸ் சூப்பர்பிளாஸ்ட் போன்றவை இருக்கின்றன. முதன்முறை வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை இவைதான்.

அடுத்தது கால். வெறுங்காலோடு நின்று, சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து, முட்டியை மடக்காமல் ஒற்றைக் காலில் குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 25 முறை வரவேண்டும். 15-லேயே கெண்டைக்கால் நடுங்கினாலோ, ஒரு கால் மற்றதைவிட ஐந்தாறு முறை பின்தங்கினாலோ, எட்டு வாரம் இதையே பயிற்சியாகச் செய்துவிட்டு வாருங்கள். விறைத்த அடிப்பாகம் பாதம் வளையும் விதத்தையே மாற்றுகிறது. பழகாத காலில் அந்தச் சுமை குதிகால் தசைநாருக்கோ நடுப்பாத எலும்புகளுக்கோ போய்விடும். இவ்வகை ஷூ அணிந்து ஓடிய ஐந்து பேருக்கு நேவிகுலர் எனும் நடுப்பாத எலும்பில் அழுத்தக் காயம் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் காயம்) வந்ததை 2023-ல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அந்த எலும்பு பாதத்தின் மேல்பக்கம், கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே வரும் வலி தைலம் தேய்த்துச் சமாளிக்கிற வலி அல்ல.

கடைக்கு மாலையில் போங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸ் வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவைப் போட்டு ஒற்றைக் காலில் 20 விநாடி நில்லுங்கள். பின்னாலிருந்து ஒருவர் குதிகாலைப் பார்க்கட்டும். ஃபோம் உள்பக்கம் மட்டும் நசுங்கி, கணுக்கால் சரிந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். சாலைப் போட்டிக்கு விதி அனுமதிக்கும் 40 மி.மீ. அடிப்பாகத் தடிமனை ஒட்டியே பல மாடல்கள் இருக்கின்றன. அந்த உயரத்தில், குறுகிய குதிகாலோடு சட்டென்று திரும்பினால் கால் பிசகும்.

வாங்குமுன் ஓடிப் பார்க்க முடிந்தால் மிக நல்லது. ஓட்டக் குழுவில் உங்கள் அளவுக்காரர் ஒருவரிடம் ஒரு நாள் காலைக்கு இரவல் கேளுங்கள். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு நான்கு சுற்றாக, இடையில் 5 நிமிட ஓய்வோடு, பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் ஓடுங்கள். வேகம் ஒன்றேதான், உதாரணமாகச் சுற்றுக்கு 2 நிமிடம். ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு சுற்றின் இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்புப் பட்டை இருந்தால் அதைக் கட்டுங்கள், கைக்கடிகாரக் கணக்கு தடுமாறும். வெயில் ஏற ஏற, அதே வேகத்திலும் துடிப்பு கூடும். புதியதை இரண்டு முறையும் நடுவில் வைத்தால்தான் அந்த ஏற்றம் இரண்டு ஷூவுக்கும் சமமாகப் பங்காகும். சராசரி வித்தியாசம் ஓரிரு துடிப்பு என்றால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நான்கு, ஐந்து குறைந்து, இன்னொரு நாளும் அப்படியே வந்தால் அது உங்களுக்கு வேலை செய்கிறது.

வாங்கிய பிறகு வாரம் ஒரு நாள் மட்டும். முதல் நாள் 5 கி.மீ., அதில் ஒரு நிமிட வேக ஓட்டம் ஆறு. அடுத்த வாரம் 8 கி.மீ., அதில் 20 நிமிடம் டெம்போ, அதாவது சற்றுக் கடினமான, சீரான வேக ஓட்டம். மூன்றாவது வாரம் நீண்ட ஓட்டத்தின் கடைசி 8 கி.மீ.யைப் போட்டி வேகத்தில் ஓடுங்கள். போட்டியன்று புது ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடவே கூடாது. மெல்லிய மேல்துணி எங்கே உரசும் என்பது 15 கி.மீ.க்குப் பிறகுதான் தெரியும். மூடிய காரில், வெயிலில் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் ஃபோம் கெடும். 250-லிருந்து 400 கி.மீ.க்குள் துள்ளல் குறையத் தொடங்கும். பக்கவாட்டு ஃபோமில் ஆழமான சுருக்கக் கோடுகள் விழுந்து, ஓடி முடித்ததும் கெண்டைக்கால் வழக்கத்தைவிட இறுகினால், போட்டிக்கு வேறு ஜோடி பாருங்கள்.