பழைய சாப்பாட்டுக்குத் திரும்பணுமா, முதல்ல டெய்லி காலண்டர எடுங்க

எங்க அப்பத்தா காலத்துல இட்லி தோசைங்கறதே தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான், விருதுநகர் பக்கம் கரிசக்காட்டு ஊர் எங்களோடது, தினமும் கம்பு சோளம் குதிரவாலி, மிச்சத்துக்கு பழைய சோறு. அவங்களுக்கு ஒண்ணும் பெரிய மனக்கட்டுப்பாடெல்லாம் கிடையாது, பலகாரம் எப்பன்னு காலண்டர் சொல்லும் அவ்ளோதான். நாமளும் அதையே செஞ்சா போதும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க. நான் அப்படித்தான் ஆர்வக்கோளாறுல அஞ்சு கிலோ கம்பு மாவு அரைச்சு வச்சேன், ரெண்டு வாரத்துல கசப்பு ஏறி மொத்தமும் மாட்டுக்குப் போச்சு. கம்புல எண்ணெய்ச்சத்து ஜாஸ்தி, மாவாக்குனா சீக்கிரம் சிக்கு வாடை வந்துரும், அதனால முழுசா வாங்கி வச்சுக்கிட்டு அப்பப்ப உடைச்சுக்கோங்க.

காலை சாப்பாட்ட மட்டும் முதல்ல மாத்துங்க. ஈசி பழைய சோறுதான். ராத்திரி வடிச்ச சோறு நல்லா ஆறுனப்புறம் மேல ரெண்டு விரல் நிக்கிற மாதிரி தண்ணி ஊத்தி மூடி வெளிலயே வைங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சா புளிக்காது. புழுங்கல் அரிசி நல்லது, மண்சட்டி இருந்தா இன்னும் நல்லது. வெயில் காலத்துல காலைல எந்திரிச்சதும் சாப்பிட்ருங்க, மதியம் வரை விட்டா கொழகொழன்னு ஆயிரும்.

வாரத்துல ரெண்டு நாள் கம்பங்கூழ். கம்புல லேசா தண்ணி தெளிச்சு பத்து நிமிஷம் ஊறவிட்டு மிக்சில விட்டு விட்டு ஓட்டுங்க, உமி கழண்டு வரும், அத புடைச்சு எடுத்துட்டு திரும்ப ரவை மாதிரி உடைச்சுக்கோங்க. ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணி கொதிக்க வச்சு உப்பு போட்டு கொட்டி கிண்டணும், கை வலிக்கும், பரவால்ல. கைய தண்ணில நனைச்சு தொட்டுப் பாருங்க, ஒட்டலன்னா வெந்துருச்சு. ஆறுனதும் உருண்டை புடிச்சு தண்ணில போட்டு வச்சா மறுநாள் ஒரு உருண்டைய மோர்ல கரைச்சு குடிச்சுக்கலாம். சின்ன வெங்காயத்த கத்தில நறுக்காதீங்க, அம்மிலயோ டம்ளர் அடிலயோ ஒரு தட்டு தட்டி போடுங்க, அந்தக் காரம் கூழ்ல எறங்குனாதான் ருசி. வெஞ்சனத்துக்கு மோர் மிளகாய், இல்லன்னா முந்தின நாள் சுண்டக் குழம்பு.

சுகர் இருக்கவங்க ஒண்ணு கவனிங்க, சிறுதானியம்னா எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு இல்ல, அதுவும் மாவுச்சத்துதான், நைசா அரைச்ச கேப்பக் கஞ்சி மடமடன்னு குடிச்சா சுகர் நல்லாவே ஏறும்.

இப்ப காலண்டர் விஷயம். மாசம் பொறந்ததும் வட்டம் போட்ருங்க. அமாவாசைக்கு வடை பாயசம், ஞாயித்துக்கிழமை கறி, மாசத்துல ஒரு நாள் பரோட்டா (எங்க வீட்ல சம்பள நாள்), அப்புறம் பண்டிகை. வட்டம் இல்லாத நாள்ல பஜ்ஜி கெடையாது, பிள்ளைங்க கேட்டா திட்ட வேண்டாம், காலண்டர காட்டுங்க, "இன்னும் நாலு நாள்டா"ன்னா அதுக எண்ண ஆரம்பிச்சிரும். எம்மவன் ஒரு தடவ அமாவாசை வந்துருச்சுன்னு ரெண்டு தாள சேத்து கிழிச்சுட்டான், அது வேற கதை.

முக்கியமா டின்னுல ஸ்டாக் வைக்காதீங்க. அப்பத்தா அதிரசம் சுட்டா பெரிய தூக்குவாளி நெறைய சுடுவாங்க, ஆனா பத்து வீட்டுக்குப் போனது போக எங்க கைல வர்றது ஆளுக்கு ரெண்டு. நானும் இப்ப முறுக்கு சுட்டா அன்னைக்கு சாயங்காலமே எதுத்த வீடு மேல் வீடுன்னு குடுத்துர்றேன். அவங்க பதிலுக்கு கிண்ணத்துல கேசரி குடுத்து விடுறாங்க, அதுக்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியல.