சூரியகாந்தி விதை நல்ல நொறுக்குத்தீனிதான், காறாத வரை

உப்பைக் குறையுங்கள், டப்பாவை மூடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஓடு நீக்கிய 100 கிராம் பருப்பில் சுமார் 580 கலோரி, 50 கிராமுக்குமேல் கொழுப்பு, 20 கிராம் புரதம், ஏறக்குறைய 35 மில்லிகிராம் வைட்டமின் இ இருக்கின்றன. மிக்சர் இருந்த இடத்தில் இது தாராளமாக இருக்கலாம். வாங்கும்போதும் வாங்கிய பிறகும் நாம் செய்கிற தவறுகளில்தான் கெடுகிறது. அவை இதோ.

காறிய பருப்பை வறுத்துச் ‘சரிசெய்வது’

இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. லேசாகச் சிக்கு வாடை வந்ததும் வாணலியில் போட்டு வறுத்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, புதிது போல டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். வாடைதான் அடங்கும், கெட்ட எண்ணெய் உள்ளேயேதான் இருக்கும். சூடு பட்டதால் இன்னும் வேகமாகக் கெடும்.

பருப்பில் பாதி எடை எண்ணெய். அதில் பெரும்பங்கு லினோலிக் அமிலம் என்கிற கொழுப்பு. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அது சீக்கிரம் காறிவிடும். அதைத் தடுக்கப் போராடி முதலில் தீர்ந்துபோவது வைட்டமின் இ. எதற்காகக் காசு கொடுத்தோமோ, அதுவே முதலில் போய்விடுகிறது.

ஓடு இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. ஓடு நீக்கியதும் ஆபத்து தொடங்கும், உடைந்த பருப்பில் இன்னும் வேகம். அதனால் மலிவு என்று உடைசல் கலந்த கிலோ மூட்டையை வாங்க வேண்டாம். 200 கிராம் போதும். வாங்கும்போது பருப்பு சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் பழையது. வீட்டில் டப்பாவின் அடியிலிருந்து நாலைந்தை எடுத்து நசுக்கி முகருங்கள், பிறகு மெல்லுங்கள். தொண்டையில் கரகரவென்று பிடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் அழகாகக் கண்ணாடிப் புட்டியில் வைப்பது வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பழையதன்மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

மொத்தமாக வறுத்து வைப்பது

அந்தந்த வாரத்துக்கு 100 கிராம் மட்டும் வறுங்கள். அடி கனமான வாணலி, சிறு தீ, கை விடாமல் கிளறி ஐந்து நிமிடம். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதுமே தட்டில் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால் மிச்சச் சூட்டில் கருகிக் கசக்கும். கால் டீஸ்பூன் உப்பு போதும்.

பொட்டலத்திலிருந்தே கொறிப்பது

தலை தட்டி மூன்று டேபிள்ஸ்பூன், சுமார் 26 கிராம், 150 கலோரி. கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கட்டி வையுங்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பாஸ்பரஸ் அதிகம்.

ஓட்டோடு விழுங்குவது

குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், குழந்தைகளுக்கு முக்கியமாக.

ஒமேகா 3 கிடைக்கும் என்று நம்புவது

கிடைக்காது. அதற்கு ஆளிவிதை, மத்தி மீன்.

விதைக் கடையில் வாங்குவது

விதைப்புக்கானதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். நிறம் ஏற்றிய விதையைத் தொடவே வேண்டாம்.

கேக் பச்சை நிறமானதும் பயந்து கொட்டுவது

அரைத்த பருப்பில் சமையல் சோடா சேர்த்துச் சுட்ட கேக், ஆறியதும் உள்ளே பச்சை நிறமாகும். பூஞ்சை அல்ல, பருப்பிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து செய்யும் வேலை. தாராளமாகச் சாப்பிடலாம். நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த தடவை சோடாவைக் குறைத்து, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.