வீட்டுப் பீட்சா: கடலோர வெயிலில் மாவு ஏன் கெடுகிறது?

"மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்" என்று பீட்சா செய்முறைகளில் எழுதியிருக்கும். குளிர்நாட்டு வீட்டுக்கு அது சரி. புதுச்சேரியில் சித்திரை மாத மதியம் அடுப்படியே அனலாக இருக்கும். நான் முதன்முதலில் செய்தபோது, எழுதியிருந்தபடியே ஒன்றரை மணி நேரம் அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். மாவு பொங்கி, அப்புறம் அமுங்கி, கள் வாடை அடித்தது. விரித்தால் கிழிந்தது.

இட்லி மாவு விஷயத்தில் இந்தத் தவறை நாம் செய்வதே இல்லை. மார்கழியில் இரவு முழுக்க வெளியே வைக்கிறோம், கோடையில் சில மணி நேரத்திலேயே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுகிறோம். ஈஸ்ட் போட்ட மைதாவுக்கும் அதே கணக்குதான். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு உப்பினால் போதும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதி அளவுக்கு மேலெழ வேண்டும். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இந்தப் பதம் வந்துவிடும்.

என் அளவு: 250 கிராம் மைதா, சுமார் 150 மில்லி தண்ணீர், அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். எட்டு, ஒன்பது அங்குலத்தில் இரண்டு பீட்சா வரும். ஆலிவ் எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டாம், கடலை எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. கடல் காற்றின் ஈரத்தை மைதாவும் இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு ஸ்பூன் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவதுதான் பலரும் செய்யும் தவறு. கல் மாதிரி பீட்சா வருவது அதனால்தான். இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி பிசைந்து பாருங்கள், ஒட்டுவது தானாகக் குறைந்திருக்கும்.

ஈஸ்டை மசாலா டப்பா வரிசையில் வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் செத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். சந்தேகம் வந்தால் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்கவில்லையென்றால் அந்த ஈஸ்டை நம்பி மைதாவைப் பாழாக்க வேண்டாம். கொதிக்கிற நீரும் கூடாது. 60 டிகிரியைத் தொட்டால் நல்ல ஈஸ்டும் பிழைக்காது.

நேரம் இருந்தால் ஈஸ்டைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். மெதுவாகப் பொங்கும் மாவில்தான் ருசி ஏறும். காசு செலவில்லாமல் பீட்சாவை மேம்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

விரிக்கும்போது சப்பாத்திக் கட்டையை எடுக்காதீர்கள். உள்ளே சேர்ந்த காற்றெல்லாம் போய்விடும். கையாலேயே தட்டுங்கள். மாவு சுருங்கிக்கொண்டே போனால் சண்டை போடாமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

சாஸுக்கு, வதக்காத தக்காளி விழுதை அப்படியே பூசினால் அடி ஊறிப்போகும். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம். பூண்டோடு வதக்கி, தொக்குக்குக் கொஞ்சம் முந்தைய பதம் வரை சுண்ட விடுங்கள். ஆரிகானோ வாங்க முடியாவிட்டால், தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலை ஒன்றிரண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். இரண்டின் வாசனைக்கும் கார்வக்ரால் என்ற ஒரே பொருள்தான் முக்கியக் காரணம். மூன்றாவது இலை போட்டால் கஷாயமாகிவிடும்.

சீஸைக் குவிக்க வேண்டாம். ஒரு பீட்சாவுக்கு 70 கிராம் மொசரல்லா போதும். காளானையும் இறாலையும் முதலிலேயே வதக்கி நீர் வற்றவைத்துப் போடுங்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சின்ன இறால்தான் சீஸைவிட நல்ல செலவு.

ஓவன் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் சுமார் 450 டிகிரி விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு கேஸ் அடுப்பில் மேல்பக்கத்துக்கு அந்தச் சூடு கிடைக்காது. பச்சை மாவின் மேல் எல்லாவற்றையும் அடுக்கிக் கல்லில் வைத்தால், சீஸ் உருகுவதற்குள் அடி கருகிவிடும். அதனால் இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, வெறும் மாவை மட்டும் இரண்டு நிமிடம் போடுங்கள். குமிழ் வந்து அடியில் புள்ளி விழுந்ததும் திருப்பி, வெந்த பக்கத்தில் சாஸ், சீஸ், காய் எல்லாம் வையுங்கள். தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் மூடுங்கள். மூடியில் வேர்க்கும் நீர் சொட்டாமலிருக்க, கடைசி ஒரு நிமிடம் லேசாகத் திறந்து வையுங்கள்.

இதற்குத் தோசைக்கல்லை எடுக்காதீர்கள். எண்ணெய் இல்லாமல் காய்ந்த கல்லில் மறுநாள் தோசை ஒட்டும். சப்பாத்திக்கல்தான் சரி. நான்ஸ்டிக்கை வெறுமனே அவ்வளவு காயவைக்கவே கூடாது.