ஸ்கார்ம் பாடத்தை எல்எம்எஸ்ஸில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் பயிற்சி நடத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் வசதி. மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் கடல் வேலையும் வீட்டு வேலையும் முடிந்த பிறகே போனைக் கையில் எடுக்க முடியும். அப்படி நேரம் ஒதுக்கிப் படித்தவரிடம் ‘பாடம் முடியவில்லை’ என்று எல்எம்எஸ் (பாடங்களை ஏற்றி, யார் எவ்வளவு படித்தார் என்று கணக்கு வைக்கும் இணையத் தளம்) சொன்னால், அவர் மறுபடி வருவது சந்தேகம்தான். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. பாடம் அனுப்பிய தகவலை எல்எம்எஸ் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டோரிலைன், கேப்டிவேட், ஐஸ்பிரிங் என்று பாடம் தயாரிக்கும் எந்த மென்பொருளில் செய்தாலும், பாடம் எல்எம்எஸ்ஸோடு பேசுவது பெரும்பாலும் ஸ்கார்ம் என்ற பொது விதிமுறை வழியாகத்தான். அதனால் பாடத்தை எழுத உட்காருவதற்கு முன்பே, எந்த எல்எம்எஸ், அது எந்த ஸ்கார்மை ஏற்கும் என்று கேட்டுவிட வேண்டும். ஸ்கார்ம் 1.2 வந்தது 2001-ல். அதற்கு அடுத்தது ஸ்கார்ம் 2004. புதியதுதானே நல்லது என்று 2004-ஐத் தேர்ந்தெடுப்பது பலர் செய்யும் முதல் தவறு. இலவசமாகக் கிடைப்பதால் பல கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் பயன்படுத்தும் மூடுல் என்ற எல்எம்எஸ், 1.2-ஐ நன்றாகக் கையாளும். 2004-ஐ முழுமையாக ஆதரிப்பதில்லை. மூடுல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1.2-ல் பப்ளிஷ் செய்யுங்கள், அதாவது ஏற்றுவதற்கான ஜிப் ஃபைலாக வெளியே எடுங்கள்.

அடுத்தது, அதிகம் பேரை அழவைக்கிற ‘முடித்தார்’ கணக்கு. ஸ்கார்ம் 1.2-ல் மாணவரின் நிலையைக் குறிக்க ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. பாடத்தைப் பார்த்து முடித்தாரா, தேர்வில் தேறினாரா என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒரே கட்டத்தில்தான் பதில் போகும். 2004-ல்தான் இதை இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது, பாடத்தைச் செய்தவர் ‘பாஸ், ஃபெயில்’ என்று அனுப்பும்படி பப்ளிஷ் செய்கிறார். எல்எம்எஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவர் ‘கம்ப்ளீட்டட்’ வந்தால்தான் சான்றிதழ் என்று வைத்திருக்கிறார். மாணவர் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சான்றிதழ் வராது. மூடுலில் அந்தப் பாடத்தின் நிறைவு நிபந்தனையில் பாஸ், கம்ப்ளீட்டட் இரண்டையும் டிக் செய்யலாம். அதைவிட, பாடம் செய்கிறவரும் எல்எம்எஸ்காரரும் ஒரு தடவை போனில் பேசி எந்தச் சொல் போகும், எந்தச் சொல்லுக்குக் காத்திருக்கிறது என்று முடிவு செய்வது நல்லது. எல்லா ஸ்லைடும் பார்த்தால்தான் முடித்தது என்று வைத்தால் இன்னொரு சிக்கல். பாடத்தின் ஒரு கிளைப் பகுதிக்குள் போகாமலே ஒருவர் தேர்வை எழுதி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த நிபந்தனை நிறைவேறாமலே நிற்கும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இதே மாதிரி கெடும். மாணவர் எந்த ஸ்லைடில் இருக்கிறார், எதற்கு என்ன பதில் சொன்னார் என்பதையெல்லாம் பாடம் ஒரு நீண்ட எழுத்துவரிசையாக எல்எம்எஸ்ஸிடம் கொடுத்து வைக்கும். அதற்குப் பெயர் சஸ்பெண்ட் டேட்டா. ஸ்கார்ம் 1.2-ல் இதற்கு 4,096 எழுத்துதான் எல்லை. ஒரே பாடத்தில் 12-க்கு 12 அடி மூங்கில் தெப்பம் கட்டுவது, கயிற்றில் பாசி விதையைக் கட்டுவது, 45 நாள் பராமரிப்பு, அறுவடை, உலர்த்துவது என்று அத்தனையும் போட்டு, ஸ்லைடுக்கு ஸ்லைடு கேள்வியும் வைத்தால் அந்த எல்லை வெகு சீக்கிரம் தாண்டும். முன்பாதியில் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. உலர்த்தும் பகுதிக்கு வந்த பிறகு போனை வைத்துவிட்டு மறுநாள் திறந்தால், பாடம் தெப்பத்திலிருந்து மறுபடி தொடங்கும். நாலைந்து ஸ்லைடு ஓட்டிப் பார்த்துச் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. மூடுலில் ஸ்கார்ம் தர முறை என்ற செட்டிங்கை அணைத்தால் எல்லையைத் தாண்டிய அளவையும் அது சேமிக்கும். ஆனால் தெப்பத்துக்கு ஒரு பாடம், அறுவடைக்கு ஒரு பாடம் என்று பிரிப்பதுதான் என் தேர்வு. படிக்கிறவருக்கும் அதுதான் சுகம்.

வெளியேறும் பட்டனையும் மறக்க வேண்டாம். போனில் யாரும் பாடத்தை முறையாக மூடுவதில்லை. அழைப்பு வந்தால் அப்படியே போய்விடுவார்கள். கடைசியில் மட்டும் தகவல் அனுப்பும் பாடம் அங்கே எல்லாவற்றையும் இழக்கும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் சேமிக்கும்படி அமையுங்கள்.

ஜிப் விஷயம் சின்னது. பாடத்தில் என்னென்ன இருக்கிறது என்று எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் ஃபைல், ஜிப்பைத் திறந்ததும் நேராகத் தெரிய வேண்டும். ஃபோல்டரையே ஜிப் செய்தால் அது ஒரு படி உள்ளே போய்விடும், எல்எம்எஸ் ஏற்காது. ஃபைல் பெயர்களில் தமிழும் இடைவெளியும் வேண்டாம். லினக்ஸ் சர்வருக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கேள்விகளை அப்படியே ஒட்டாதீர்கள். பாடத்தில் தமிழாகத் தெரிந்தாலும், பதில் அறிக்கையைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஃப்ளாஷில் செய்த பழைய பாடங்களையும் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கு ஆதரவு நின்றுவிட்டது. மூல ஃபைலை எடுத்து எச்டிஎம்எல் 5-ல் மறுபடி பப்ளிஷ் செய்ய வேண்டியதுதான்.

சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் படிக்கிறவர்களுக்கு மூடுல் செயலி பெரிய உதவி. ஸ்கார்ம் 1.2 பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். அதற்கு, பாடத்தை இறக்குவதற்குப் போட்டிருக்கும் பாதுகாப்பு செட்டிங்கை நிர்வாகி எடுத்துவிட வேண்டும். பாடத்துக்குள் யூடியூப் வீடியோவைப் பொருத்தியிருந்தால் அது ஓடாது. வீடியோவையே உள்ளே வையுங்கள்.

சரி, இவ்வளவு பார்த்தும் தகராறு செய்தால்? ப்ரிவியூவில் ஓடுவதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே எல்எம்எஸ்ஸே கிடையாது. அதே ஜிப்பை, ஸ்கார்ம் பாடங்களைச் சோதித்துப் பார்க்க உதவும் ஸ்கார்ம் கிளவுட் என்ற இணையத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் தகராறு செய்தால் பாடத்தை நோண்டுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் எல்எம்எஸ்ஸை நோண்டுங்கள். யார் மேல் தப்பு என்ற வாக்குவாதத்தில் போகும் பாதி நாள் இதில் மிச்சம்.

அப்புறம், ஆட்கள் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது பழைய ஜிப்பை எடுத்துவிட்டுத் திருத்தியதைப் போடாதீர்கள். நடுவில் ஒரு ஸ்லைடு கூடினாலே, பழைய சஸ்பெண்ட் டேட்டா புதிய பாடத்தில் தப்பான இடத்தைக் காட்டலாம், பாடம் திறக்காமலும் போகலாம். திருத்தியதைத் தனிப் பாடமாக ஏற்றிப் புதிதாக வருகிறவர்களை அதில் சேருங்கள். பழையதில் இருப்பவர்கள் முடிக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.